ராஃபிள்ஸ் ஓட்டலும் உன் வீட்டு மொசைக் தரையும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே முகப்பில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி, அதிலும் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை என்று எழுதியிருக்கிறாய், அதை நம்புவதற்குத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, அதைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மகள் வேலை மாறிவிட்டாள், ஆபீஸ் இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காரைக்குடி வீட்டை ஓட்டலாக நடத்தக் குத்தகைக்குக் கேட்கிறவர்கள், 'நூறு வருஷத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தருகிறோம்' என்கிறார்களாம். உன் அப்பா பிற்பாடு போட்ட மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதிப்பார்கள், மாடியில் சித்தப்பா கட்டிய அறையை இடிப்பார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். நான் கட்டட ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் இங்கே சிங்கப்பூரில் இதே கேள்வியை ஒரு பெரிய ஓட்டலுக்கு 1989இல் கேட்டு, பதிலையும் முடிவு செய்து, அதன்படி கட்டியும் முடித்துவிட்டார்கள். ராஃபிள்ஸ் ஓட்டலைத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே ஒரு சுற்று சுற்றுவது என் வழக்கம். உன் கடிதம் வந்த பிறகு இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே மறுபடி போய்ப் பார்த்தேன்.

கதை உனக்குப் பிடிக்கும், ஏனென்றால் உங்கள் செட்டிநாட்டு ஆட்கள் போன அதே தடத்தில் போன நான்கு பேரின் கதை அது. சார்க்கீஸ் சகோதரர்கள், பாரசீகத்திலிருந்து வந்த ஆர்மீனியர்கள். முதலில் பினாங்கில் ஓட்டல் வைத்தார்கள், அது இன்றைக்கு ஈ அண்ட் ஓ என்ற பெயரில் கடலோரத்தில் நிற்கிறது. பிறகு சிங்கப்பூர், அப்புறம் 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட் ஓட்டல். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று உங்கள் தாத்தாக்கள் கிட்டங்கி (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய ஊர்கள்தான் மூன்றும். 1887 டிசம்பரில் இங்கே பீச் ரோட்டில் சையது முகமது அல்சகோஃப் என்ற அரபு வியாபாரியின் பழைய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்து ராஃபிள்ஸ் ஓட்டல் என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். மொத்தம் பத்து அறை. அதற்கு முன் அதே பங்களாவில் ஒரு டாக்டர் ஓட்டல் நடத்தியிருக்கிறார், அவர் இறந்த பிறகு பக்கத்திலிருந்த ராஃபிள்ஸ் பள்ளிக்கூடத்து மாணவர்களின் விடுதியாக இருந்திருக்கிறது. ஆக ஆரம்பமே ஒட்டுப்போட்ட ஆரம்பம். 1889இல் வந்துபோன ஓர் ஆங்கில எழுத்தாளர், சாப்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அறைகள் அவ்வளவு மோசம், இங்கே சாப்பிட்டுவிட்டு வேறு ஓட்டலில் போய்ப் படுங்கள் என்று எழுதிவைத்தார். ஓட்டல்காரர்கள் முதல் பாதியை மட்டும் வெட்டியெடுத்து விளம்பரம் போட்டுக்கொண்டார்கள்! நம் ஊர் ஆட்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

அந்தப் பங்களாவுக்கு இரண்டு பக்கமும் சிறகு சேர்த்து, 1894இல் பாம் கோர்ட் பகுதியைக் கட்டி, கடைசியில் பழைய பங்களாவையே எடுத்துவிட்டு 1899இல் இப்போது நாம் பார்க்கும் மூன்று மாடிப் பிரதானக் கட்டடத்தை எழுப்பினார்கள். வரைந்தவர் ஸ்வான் அண்ட் மக்லாரன் கம்பெனியின் பிட்வெல், கோலாலம்பூரில் நீ பார்த்துவிட்டு வியந்தாயே சுல்தான் அப்துல் சமது கட்டடம், அதன் வரைபட வேலையிலும் கை வைத்தவர். வெளியே பார்த்தால் ஐரோப்பிய மாளிகைத் தோரணை, தூண், வளைவு, வெள்ளைச் சாந்து. உள்ளே போனால் அத்தனையும் வெயிலுக்கும் மழைக்கும் புழுக்கத்துக்கும் போட்ட கணக்கு. நடுக்கூடம் மேல்தளம் வரைக்கும் திறந்து கிடக்கிறது, சுற்றிலும் தாழ்வாரம், அதனால் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். உன் வீட்டு வளவில், அதாவது உள்கட்டில், முற்றம் செய்கிற வேலையை அங்கே அந்தக் கூடம் செய்கிறது, என்ன, தலைக்கு மேல் வானம் தெரியாது. 'சூட்' என்கிற பல அறைத் தொகுப்புகளின் அமைப்பும் யோசித்துச் செய்தது: வெளியே அகலமான வராந்தா, அதையடுத்து உட்காரும் கூடம், பிறகு படுக்கை, பின்னால் குளியலறை. வெயில் நேராகப் படுக்கை வரை வராது. சிங்கப்பூரில் முதலில் மின்விளக்கும் மின்விசிறியும் போட்ட ஓட்டல் என்ற பெருமையும் இதற்கு உண்டு. இப்போது எல்லா அறையிலும் ஏசி, கதவு எப்போதும் மூடியே இருக்கிறது, ஆகவே கட்டினவர் யோசித்த காற்று எதுவும் உள்ளே வருவதில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. அது கடலைப் பார்த்துக் கட்டிய கட்டடம். வாசலில் ரோடு, ரோட்டைத் தாண்டினால் தண்ணீர், கப்பல்கள். கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்றைக்கு வாசலில் நின்றால் கண்ணாடிக் கோபுரங்கள்தான் தெரிகின்றன.

புலிக் கதை கேள்விப்பட்டிருப்பாய், பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலியைச் சுட்டார்கள் என்று. மேசைக்கு அடியில் இல்லை. 1902இல் பக்கத்தில் ஏதோ வேடிக்கைக் காட்சிக்குக் கொண்டுவந்திருந்த புலி தப்பித்து ஓடிவந்து, தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருந்த பில்லியர்ட்ஸ் அறையின் தரைக்கு அடியில் புகுந்துகொண்டது. குறி தப்பாமல் சுடுவார் என்று பெயரெடுத்த பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். ஈரத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டியதால் புலிக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். கட்டடத்தைப் பற்றி அந்தக் கதை சொல்வதை விட்டுவிட்டுப் புலியை மட்டும் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள்.

1910களிலும் இருபதுகளிலும் ரப்பர் பணம் கொழித்த காலம். சிங்கப்பூர் ஸ்லிங் என்ற அந்த இளஞ்சிவப்பு மதுவை இங்கே மதுக்கூடத்தில் வேலை பார்த்த ங்கியாம் டோங் பூன் என்ற ஹைனான் சீனர் 1915 வாக்கில் உண்டாக்கினார் என்பது ஓட்டல் சொல்லும் வரலாறு. இருபதுகளில் முன்பக்கத்தில் பெரிய நடன மண்டபம் கட்டினார்கள். அப்புறம் உலக மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, 1931இல் சார்க்கீஸ் கம்பெனி திவாலானது. அதே வருஷங்களில் பர்மாவிலும் மலாயாவிலும் உங்கள் ஆட்கள் பட்ட அடியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்து ஓட்டலுக்கு சோனான் ரியோகான் என்று பெயர் மாற்றினான். வேலைக்காரர்கள் வெள்ளிச் சாமான்களைப் பாம் கோர்ட் தோட்டத்தில் புதைத்து வைத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். போர் முடிந்ததும் விடுதலையான போர்க்கைதிகளை ஊருக்கு அனுப்பும்வரை தங்கவைத்த முகாமும் இதுதான்.

இனிதான் நீ கவனிக்க வேண்டிய இடம். எழுபது, எண்பதுகளில் ஓட்டல் களையிழந்து போயிற்று. எதிரே, பழைய ராஃபிள்ஸ் பள்ளிக்கூடம் இருந்த மனையில், ஐ. எம். பெய் வரைந்த 73 மாடி ஓட்டல் 1986இல் திறந்தது, அப்போது உலகத்திலேயே உயரமான ஓட்டல் அது. நல்லவேளையாக அடுத்த வருஷமே, நூற்றாண்டு நிறையும்போது, ராஃபிள்ஸைத் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தார்கள். 1989இல் மூடி, 16 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவழித்து, 1991 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். அப்போது எடுத்த முடிவு என்னவென்றால், 1915இல் எப்படி இருந்ததோ அந்தக் கோலத்துக்குக் கொண்டுபோவது. நல்ல காலம் எது என்று பார்த்து ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதனால் இருபதுகளின் நடன மண்டபம் போயிற்று, முன்வாசல் வார்ப்பிரும்பு மண்டபம் புதிதாகச் செய்து நின்றது. அறைகள் எல்லாம் சூட்டுகளாயின. லாங் பார் என்ற அந்த மதுக்கூடம், பக்கத்தில் புதிதாக எழுப்பிய கடைத்தொகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஸ்லிங் பிறந்த இடத்தில் உட்கார்ந்து குடிக்கிறோம் என்று வரிசையில் நிற்கிறார்களே, அவர்கள் உட்காருவது உண்மையில் 1991ஆம் வருஷக் கட்டடத்தில். அங்கே வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடலாம், குப்பை போட்டால் அபராதம் போடுகிற ஊரில் அது ஒரு ஆனந்தம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்லிங் விலையை எழுதினால் நீ திட்டுவாய், விட்டுவிடுகிறேன்.

வேலை சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பணம் வந்திருக்காவிட்டால் கட்டடம் கறையான் தின்று போயிருக்கும். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. அந்த நடன மண்டபத்தில் ஆடினவர்கள், அங்கே கல்யாண விருந்து வைத்தவர்கள், சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் அல்லாதவர்களும் தலைநிமிர்ந்து உள்ளே வந்த வருஷங்கள், இவற்றுக்கெல்லாம் சுவரில் இடமே இல்லாமல் போய்விட்டது. 1915 என்றால் காலனி ஆட்சி உச்சத்தில் இருந்த வருஷம், வருகிறவர்களுக்கு அந்தக் கனவைத்தான் விற்க முடியும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 2017 முதல் 2019 வரை மறுபடி பழுதுபார்த்தபோது சூட்டுகள் 115 ஆயின, ஆனால் அடிப்படை மாறவில்லை. கட்டடம் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒட்டுப்போட்டு வளர்ந்தது, அந்த ஒட்டுகளில் எது வரலாறு, எது குப்பை என்று ஒரு கமிட்டி முடிவு செய்துவிட்டது.

உன் அப்பாவின் மொசைக் தரையும் இதேதான். பர்மா போய் எல்லாம் இழந்து திரும்பிய பிறகு, முதன்முதலாகக் கையில் காசு வந்தபோது அவர் போட்ட தரை அது. அதில் நாம் தாயம் ஆடியிருக்கிறோம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வீடு எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று சொல்கிற தரை அது, ஆத்தங்குடிக் கல்லை எங்கே வேண்டுமானாலும் பதிக்கலாம். சித்தப்பாவின் மாடி அறையை நான் காப்பாற்றப் போவதில்லை, அது அன்றைக்கே ஒழுகிற்று, போகட்டும்.

அப்புறம் சுவர். ராஃபிள்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இருக்கிறது, 1861இல் முடித்தது. இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய கைதிகள் கட்டியது அது. உட்சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர், காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகு. உன் வீட்டுச் சுவரும் இந்த ஜாதிதான். சுண்ணாம்புச் சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியே போக வழி வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே தங்கி, சில வருஷத்தில் பொரிப்பொரியாக உதிரும். குத்தகைக்காரர்கள் பளபளவென்று இருக்க அதைத்தான் அடிப்பார்கள். எனவே பத்திரத்தில் எழுதி வாங்கு: சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும், தரை எதையும் பெயர்ப்பதானால் பங்காளிகள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். குளியலறைக் குழாய்களை வளவுப் பக்கத்துப் பழைய சுவர்களில் வெட்டிப் பதிக்கக்கூடாது, இரண்டாம் கட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டிக்கொள்ளட்டும். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, ஒரு பிரதியை எனக்கும் அனுப்பு.

எத்தனை வருஷக் குத்தகை என்று நீ எழுதவே இல்லை. முப்பது என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதே, உன் பெரியப்பா மகன் தலையாட்டுவார், நீ விடாதே. ஐப்பசி மழைக்கு முன்னால் பின்கட்டு ஓட்டைப் பிரித்து மாற்றிவிடு, அதற்குக் குத்தகைக்காரர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், என் பங்காக ஏதாவது அனுப்புகிறேன், மறுக்காதே. ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்