நவராத்திரிக் கண்காட்சி: தரம் 10 பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் வரைந்த ‘உலகெங்கும் அம்மன்’ படக் கண்காட்சி ஒக்டோபர் 18, ஞாயிறு காலை 9 மணிக்கு ஹட்டனில் நம் பாடசாலை மண்டபத்தில் நடைபெறும்.

1. படங்களை 16ஆம் திகதி வெள்ளிக்குள் வகுப்பாசிரியையிடம் ஒப்படைக்கவும். மழைக் காலம், பொலித்தீனில் சுற்றி அனுப்புங்கள்.

2. இதுவரை வந்த பெயர்களில் பாதிக்கு மேல் மாரியம்மன்தான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வேறு யாரை முதலில் வரைவார்கள்! ஆனால் எகிப்தின் ஐசிஸ், கிரேக்கத்தின் அதீனா, சீனாவின் குவான் யின் மூவருக்கும் இன்னும் ஆள் இல்லை. குவான் யின்னை எடுப்பவருக்கு நல்ல கதை காத்திருக்கிறது: இந்தியாவில் ஆண் வடிவில் வணங்கப்பட்ட பௌத்தக் கருணைத் தெய்வம் அவலோகிதேஸ்வரரே சீனாவில் பெண் வடிவம் பெற்றார்.

3. கண்ணகியை வரைபவர்கள், அவளைச் சிங்கள மக்கள் பத்தினி தெய்வமாக வணங்கும் கண்டி பத்தினி தேவாலயத்தையும் சேர்க்கவும். கண்டியின் ஆண்டு ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹராவில் அத்தேவாலயத்திற்குத் தனி ஊர்வலம் உண்டு.

4. பௌத்தப் பெண் தெய்வம் தாரா: இலங்கையில் கிடைத்து, 1830 முதல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பொன் முலாமிட்ட வெண்கலச் சிலை. உயரம் 143 சென்ரிமீற்றர். வலக்கை வரம் தரும் நிலையில் தாழ்ந்திருக்கும். உயர்ந்த மகுடத்தில் ஏதோ பதித்திருந்த குழி வெறுமையாக இருக்கும். இடுப்புக்கு மேல் ஆடை இல்லையே, துணி வரைந்து மறைக்கலாமா என்று சில தாய்மார் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிற்பி வார்த்தபடியே இருக்கட்டும்.

5. சுண்டலுக்குக் கடலை, தேநீருக்குச் சீனி தர இயன்றவர்கள் சொல்லுங்கள்.

பிள்ளையின் பெயர், தெரிவு, வருவோர் எண்ணிக்கை மூன்றையும் 7ஆம் திகதி புதன் இரவு 8 மணிக்குள் இங்கே பதிவிடவும். கட்டைவிரல் குறி மட்டும் போட்டால் கணக்கில் சேராது.