செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: அடுப்புப் புகையில் நோயுற்ற பெண்களுக்கும் ஆராய்ச்சியில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான, நுரையீரல் நோயாளிகளுக்கான நம் சங்கத்தின் அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் நம்மைப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் பலர் மழைக்காலத்தில் சளி கட்டி, மூச்சிரைப்பு முற்றி, மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பாதவர்கள். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இப்படி ஒவ்வொரு முறை முற்றும்போதும் உடல் மீண்டும் பழைய நிலைக்கு வருவது கடினமாகிறது. அதனால்தான் இன்றைய மருந்து ஆய்வுகளில் பல, ஓர் ஆண்டில் எத்தனை முறை நோய் முற்றியது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கின்றன.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, மாதக் கூட்டங்களை ஆய்வு வாசிப்புக் கூட்டங்களாக மாற்றினோம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மருத்துவ ஆய்வு. நெஞ்சக மருத்துவர் ஒருவர் உடனிருந்து விளக்க, உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். இவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று செயற்குழுவே எதிர்பார்க்கவில்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்களும், செங்குன்றம் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்கியவர்களும், "அந்த ஆய்வில் எத்தனை பேர்? எத்தனை வருஷம் பார்த்தாங்க?" என்று கேட்டதை இந்த ஆண்டின் பெரிய சாதனையாகப் பதிவு செய்கிறேன்.

அதிக நேரம் பேசப்பட்டது ஆக்சிஜன் பற்றி. "ஆக்சிஜன் வெச்சா அதுக்கே அடிமையாயிடுவோம்" என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பிரிட்டனில் நடந்து 1981-இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்துவிட்ட 87 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 15 மணி நேரம் வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுத்தார்கள். மறு பிரிவினருக்குக் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில் 203 பேர். இரவில் மட்டும் ஆக்சிஜன் வைத்தவர்களைவிட, கூடுமானவரை நாள் முழுதும் வைத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். தேவைப்படும் நோயாளிக்கு ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டுகிறது. மூச்சு முட்டும்போது மட்டும் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கழற்றுவதால் அந்தப் பலன் கிடைக்காது.

ஆனால் எல்லோருக்கும் அது தேவையா? 2016-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், ஆக்சிஜன் அளவு மிதமாக மட்டுமே குறைந்திருந்த 738 பேரைச் சேர்த்தார்கள். அவர்களுக்கு வீட்டு ஆக்சிஜனால் ஆயுளும் கூடவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. கொரோனாவுக்குப் பிறகு கான்சன்ட்ரேட்டர் எனும் ஆக்சிஜன் தரும் கருவியை வாடகைக்கு எடுத்துக் கடன்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வாடகைக்கு எடுக்கும் முன் இரத்த ஆக்சிஜன் அளவை முறையாகப் பரிசோதித்து மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். தேவையானவர்களுக்கு இரவல் தருவதற்காகச் சங்கம் வைத்திருக்கும் கருவிகளின் விவரத்தைப் பொருளாளர் தமது அறிக்கையில் சொல்வார்.

ஸ்டீராய்டு மாத்திரை பற்றிய கூட்டமும் பயனுள்ளதாக இருந்தது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 314 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், நோய் முற்றிய நேரத்தில் 5 நாள் மாத்திரை எடுத்தவர்களுக்கும் 14 நாள் எடுத்தவர்களுக்கும் அடுத்த ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மீண்டும் நோய் முற்றியது. நீண்ட நாள் எடுப்பதால் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும்தான் மிஞ்சும். அதுபோல, இன்ஹேலருடன் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் சேர்த்தால் பலன் உண்டா என்று பிரிட்டனில் 1,567 பேரிடம் பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவு, இல்லை என்பதே. இதைக் கேட்டு யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

புதிய மருந்துகள் பற்றியும் பேசினோம். டுபிலுமாப் என்ற ஊசி மருந்து, இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் அதிகம் உள்ள 939 பேரிடம் சோதிக்கப்பட்டு, நோய் முற்றுவதை 30 சதவீதம் குறைத்ததாக 2023-இல் வெளியானது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா இந்நோய்க்கு அதை அனுமதித்தது. விலை நம் கைக்கு எட்டாது என்பது ஒருபுறம். என் மனத்தை அதிகம் உறுத்துவது இன்னொன்று.

அந்த ஆய்வில் சேர்வதற்கு ஒரு நிபந்தனை: தினம் ஒரு பாக்கெட் வீதம் குறைந்தது பத்து ஆண்டு சிகரெட் பிடித்ததற்குச் சமமான புகைப் பழக்கம் இருந்திருக்க வேண்டும். இன்ஹேலர் மருந்துகளைச் சோதித்து 2007-இல் வெளியான 6,112 பேர் ஆய்வு, 2008-இல் வெளியான 5,993 பேர் ஆய்வு, மூன்று மருந்துகள் சேர்ந்த இன்ஹேலரை 10,355 பேரிடம் சோதித்த 2018 ஆய்வு என எல்லாவற்றிலும் இதே நிபந்தனை. இன்று நாம் உறிஞ்சும் பஃப்புகளுக்கு இதுபோன்ற ஆய்வுகளே பலம். நம் சங்கத்துப் பெண்களில் யார் சிகரெட் பிடித்தார்கள்? வேலிகாத்தான் விறகையும் வறட்டியையும் எரித்து, சன்னல் இல்லாத சமையலறையில் முப்பது நாற்பது வருடம் ஊதுகுழலோடு உட்கார்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பல்லாயிரம் பேரில் அவர்களைப் போன்றவர்களுக்கு இடமே இல்லை. புகையிலையால் வரும் நோயும் விறகுப் புகையால் வரும் நோயும் நுரையீரலில் ஒரே மாதிரி அமைவதில்லை. விறகுப் புகையில் சிறு மூச்சுக்குழாய்கள் தடிப்பது அதிகம், காற்றறைகள் சிதைவது குறைவு என்று மருத்துவர் விளக்கினார். அப்படியானால் அதே மருந்து அதே அளவு பலன் தருமா என்பது நியாயமான கேள்வி.

புனேவைச் சேர்ந்த மருத்துவர் சந்தீப் சால்வியும் லண்டன் பேராசிரியர் பீட்டர் பார்ன்ஸும் 2009-லேயே, புகைபிடிக்காதவர்களுக்கு வரும் சிஓபிடியைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலேயே புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது, அவர்களில் 2.44 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. கணக்கெடுப்பில் வந்தவர்கள் சிகிச்சை ஆய்வில் வரவில்லை.

நம்மால் முடியாதது அல்ல இது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சாப்பிடுவதும் ஏறக்குறைய சமமான பலன் தரும் என்று நிரூபித்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வர அது வழி திறந்தது. அண்மையில் நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிகளில் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பு கொடுத்து, புகையை அளந்து, குழந்தைகளின் எடையைப் பார்த்த பன்னாட்டு ஆய்வும் நடந்திருக்கிறது. புகை வெகுவாகக் குறைந்தும் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்ற முடிவையும் 2022-இல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மையை வணங்குகிறேன். கிராமத்துப் பெண்களை நம்பி ஆய்வு நடத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆகவே, விறகுப் புகையால் நோயுற்ற பெண்களிடம் இன்ஹேலர் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வை நடத்துமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும் மாநில மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கும் மனு அனுப்பும் தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன். ஆய்வில் சேரும் உறுப்பினர் எவரும் தம் உரிமை தெரிந்தே சேர வேண்டும். ஆய்வு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும்; 2009 முதல் அது கட்டாயம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் 2019 விதிகளின்படி இழப்பீடு உண்டு. படிக்கத் தெரியாத உறுப்பினருடன் படிவத்தை வாசித்துக் காட்ட, சங்கத்திலிருந்து ஒருவர் உடன் செல்வார்.

மற்றவை சுருக்கமாக. 2024 நவம்பர் 20, உலக சிஓபிடி நாளில், நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் சோதனை முகாம் நடத்தினோம். பல ஆண்டு "ஆஸ்துமா" என்றே மருந்து வாங்கியவர்கள் சிலருக்கு அன்றுதான் உண்மை தெரிந்தது. போகிக்கு முன் டயர், பிளாஸ்டிக் கொளுத்த வேண்டாம் என்று தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தோம். பலன் போதவில்லை, வரும் ஆண்டு பள்ளிகளில் தொடங்குவோம்.

உடற்பயிற்சி வகுப்பைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். மூச்சு மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய 65 ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், பலன் ஐயமற நிரூபணமாகிவிட்டது, பயிற்சி கொடுப்பதா வேண்டாமா என்று இனி ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை என்றே எழுதினார்கள். நம் வகுப்புக்கு முதல் மாதம் வந்த கூட்டம் மூன்றாம் மாதம் இல்லை. மூச்சு வாங்குகிறது என்பதால்தான் நடக்க வேண்டும். மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் பெரியவர்களை வாரம் இரண்டு நாள் அழைத்து வாருங்கள். இடம் தந்த திருமண மண்டப உரிமையாளருக்கும், ஊதியம் வாங்காமல் கற்றுத்தந்த பிசியோதெரபி மாணவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

இந்த அறிக்கையையும், மேலே முன்மொழிந்த தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்