இரண்டாவது சாவி எங்கே, மாப்ளே?

கோவை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கார் போட்டோ வந்தது. பானட்டில் மாலை, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், பக்கத்தில் தங்கச்சி புதுப் புடவையில். ரிட்டயர் ஆன பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவன் நம் செட்டிலேயே நீ ஒருவன்தான். வாழ்த்துகள். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீ என்னை எங்கே பேசவிட்டாய்?

போட்டோவில் வண்டியைவிட அது நிற்கிற இடம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. தெரு. போர்ட்டிகோ கட்டுகிற இடத்தில் நீதான் மல்லிகைப் பந்தல் போட்டுவிட்டாயே. உடனே நம் ஹாஸ்டல் சைக்கிள் ஞாபகம் வந்தது. ஆளுக்குப் பாதி காசு போட்டு வாங்கிய பச்சை சைக்கிள். தியேட்டர் வாசல் விளக்குக் கம்பத்தில் முன் சக்கரத்தை மட்டும் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு இரண்டாம் ஆட்டம் போனோம். திரும்பி வந்தால் சக்கரமும் பூட்டும் பத்திரமாக இருந்தன, மீதியைக் காணோம். அந்தச் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹாஸ்டல் வரைக்கும் நீ நடந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் திருப்பூரில் சித்தப்பா பேத்தி கல்யாணம். மண்டபத்துக்குள் இடமில்லை என்று எதிர்ச் சந்தில் வண்டியை விட்டேன். பின் சீட்டில் என் பழைய லேப்டாப் பை. அதில் லேப்டாப் ஏது? பிரஷர் மாத்திரை, படிக்கிற கண்ணாடி, பென்ஷன் ஃபைல், அவ்வளவுதான். சாப்பிட்டு, பீடா போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் பின் கதவில் கண்ணாடியே இல்லை. சீட் முழுக்கக் கற்கண்டு கொட்டினது போல் கிடக்கிறது. பை போய்விட்டது. பக்கத்திலேயே இருந்த தாம்பூலப் பையை ஆள் தொடவில்லை. தேங்காய்க்கு இந்தக் காலத்தில் மரியாதை இல்லை.

முன் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது. அடித்தால் விரிசல் விடும், உதிராது. பக்கத்துக் கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தது. கூரான எதுவாவது ஓரிடத்தில் பட்டால் போதும், மொத்தமும் ஒரே நொடியில் பொலபொலவென்று கொட்டிவிடும். அதோடு, 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடுத்த பிறகு நம் வண்டிகள் எல்லாம் ஷோகேஸ் மாதிரிதானே, உள்ளே இருப்பது தெருவுக்கே தெரியும்.

அலாரம் அடிக்கவில்லையா என்று கேட்பாய். நானும் மெக்கானிக்கிடம் அதைத்தான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், அவன் கதவைத் திறக்கவே இல்லையே" என்றார். நிறைய வண்டிகளில் கதவோ பானட்டோ டிக்கியோ திறந்தால்தான் அலாரம் கத்துமாம். கண்ணாடி உடைவதையும் உள்ளே கை நுழைவதையும் கண்டுபிடிக்கத் தனி சென்சார் வேண்டும், அது என் வண்டியில் இல்லை. ஆறு வருஷமாக அலாரம் இருக்கிறதென்று நான் தூங்கியிருக்கிறேன். கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் கேட்கலாம்தான். ஆனால் க்ளெய்ம் கேட்காமலே இருந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிறார்களே, நோ க்ளெய்ம் போனஸ், அது எனக்கு 50 சதவீதத்தில் நிற்கிறது. ஒரு கண்ணாடிக்காக அதை எதற்கு இழப்பது என்று கைக்காசு போட்டு மாற்றிவிட்டேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வண்டிக்குள் ஒன்றுமே வெளியே தெரியக் கூடாது, காலிப் பைகூட. டிக்கியில் வைக்க வேண்டியதைக் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுவேன், போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறக்கவே மாட்டேன். மண்டப வாசலில் நின்று நகைப் பையை டிக்கியில் வைத்துப் பூட்டுகிறோமே, அதை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்? போன் ஒட்டுகிற ஸ்டாண்டையும் கழற்றிவிடுவேன். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து, "வரவர நீங்களே திருடன் மாதிரி முழிக்கிறீங்க" என்கிறாள்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி என் மச்சினனுக்கு. ஓசூரில் இருக்கிறானே, அவன் வண்டி வாங்கி இரண்டரை வருஷம்தான், ஒரு நாள் விடியற்காலை வாசலில் இல்லை. எதிர் வீட்டு கேமராவில் பார்த்தால், இரண்டு பேர் வந்தார்கள், பின்பக்கச் சின்னக் கண்ணாடியை உடைத்தார்கள், ஒருவன் உள்ளே ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்தான், கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. சர்வீஸில் விட்டால் முழங்கால் பக்கம் ஒரு சாக்கெட்டில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார்களே, அதே சாக்கெட்டில் இவர்கள் ஒரு கருவியை மாட்டி, கையோடு கொண்டுவந்த வெற்றுச் சாவியை அந்த வண்டிக்கே சாவியாகப் பதிந்துகொள்கிறார்கள்.

திருட்டைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் அவனை உருக்கிவிட்டது. அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டான், இன்சூரன்ஸுக்கும் சொன்னான். அவர்கள் கேட்ட முதல் விஷயம், "இரண்டு சாவியும் கொடுங்கள்." ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வீடு மாற்றும்போது தொலைந்திருக்கிறது, அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாவி கைமாறியிருக்கலாம் என்று அவர்கள் சந்தேகப்பட, இவன் விளக்கம் எழுத, மாதங்கள் ஓடின. வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸும் கோர்ட்டும் கொடுக்கிற சான்றுக்குத் தனி அலைச்சல். இல்லாத வண்டிக்கு மாதம் தவறாமல் இ.எம்.ஐ. மட்டும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வந்த பணமும் வாங்கிய விலை இல்லை. இன்சூரன்ஸ் பத்திரத்தில் வண்டியின் மதிப்பை ஐ.டி.வி. என்று போட்டிருப்பார்களே, அந்தத் தொகை. மூன்றாவது வருஷத்தில் விலையில் 30 சதவீதத்தைத் தேய்மானம் என்று கழித்துவிடுகிறார்கள். உன்னுடையது புது வண்டி. தேய்மானம் கழிக்காமல் பில் விலையைத் தருகிற ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்கிற கூடுதல் கவர் எடுத்திருக்கிறாயா என்று பார். அடுத்தவர் சேதத்துக்கு மட்டுமான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் என்றால் திருட்டுக்குக் காலணா வராது.

இதைப் படித்ததும் எழுந்து போய் உன் இரண்டாவது சாவி எங்கே என்று பார். பீரோவில் வை. காணவில்லை என்றால் வெட்கப்படாமல் போலீஸில் எழுதிக் கொடு, சர்வீஸ் சென்டரில் சொல்லித் தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழிக்கச் சொல். ஒரிஜினல் ஆர்.சி. வீட்டிலேயே இருக்கட்டும், போலீஸ் கேட்டால் காட்ட டிஜிலாக்கர் போதும்.

உன்னுடையது பட்டன் ஸ்டார்ட் என்றாய். சாவி பையிலிருந்தால் போதும், கதவு தானே திறக்கும் என்று பெருமைப்பட்டாய். அதில் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் உன் வாசல் கதவோரம் ஒரு கருவியோடு நிற்பான், இன்னொருவன் வண்டியிடம். உள்ளே ஆணியில் தொங்கும் சாவியின் சிக்னலை இவன் பிடித்து அவனுக்கு அனுப்ப, சாவி பக்கத்திலேயே இருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். ஒருதரம் ஓடத் தொடங்கினால், சாவி தூரமாகிவிட்டதென்று இன்ஜின் நிற்காது. ஓடும் வண்டி நடுரோட்டில் நின்றால் ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். வெளிநாடுகளில் இந்தத் திருட்டு அதிகம். செலவில்லாத வைத்தியம் ஒன்று சொல்கிறேன்: சாவியை இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவோடு வண்டிக்கிட்டே போய்க் கதவைத் திறந்து பார். திறக்கவில்லை என்றால் அந்த டப்பா தேறியது. திறந்தால் வேறு டப்பா. சிக்னலைத் தடுக்கும் பையும் விற்கிறார்கள், அதையும் இப்படிச் சோதித்துவிட்டு நம்பு.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கியர் லாக்கும் ஸ்டீயரிங் லாக்கும்தான். இரும்பு. கண்ணுக்குத் தெரியும். எந்தக் கருவியை மாட்டினாலும் அது அசையாது, அறுக்கவோ உடைக்கவோதான் வேண்டும். அதற்கு நேரமாகும், சத்தம் வரும். தெருவில் நிறுத்துகிற நீ முதலில் அதை வாங்கு. ஜி.பி.எஸ். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது வண்டி போன பிறகு தேடத்தானே.

ஒன்று விட்டுவிட்டேன். பேங்கில் பணம் எடுத்துக்கொண்டு வரும்போது யாராவது "சார், டயர் பஞ்சர்", "ஆயில் ஒழுகுது" என்றால் இறங்காதே. கீழே பத்து ரூபாய் நோட்டு கிடந்தாலும் குனியாதே. நீ அந்தப் பக்கம் திரும்பினதும் பணப் பையைத் தூக்கத்தான் அதெல்லாம். ஆளில்லாத இடமென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கூட்டமான பெட்ரோல் பங்க் வரை மெதுவாக ஓட்டிப் போய் அங்கே பார். பஞ்சரே ஆகியிருந்தாலும் டயர்தானே போகும்.

இங்கே மற்றபடி எல்லோரும் சுகம். பெரியவளுக்கு மாற்றல் வந்துவிட்டது, அடுத்த மாதம் திருச்சி போகிறாள். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கிளட்ச்தான் படுத்துகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு வரலாம் என்றிருக்கிறேன், ஆனால் காரில் வரமாட்டேன், உன் தெருவில் இரண்டாவது வண்டிக்கு இடமில்லை. ஸ்டேஷனுக்கு நீயே ஓட்டிக்கொண்டு வா. பின் சீட்டில் தங்கச்சியை உட்காரவை, நீ ஓட்டுகிற லட்சணத்துக்கு முன் சீட்டில் உட்கார நான் ஒருவன் போதும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன்
பழைய ரூம்மேட்

பி.கு.: அந்தப் பச்சை சைக்கிள் சக்கரத்தை அப்புறம் என்ன செய்தாய்? விற்றிருந்தால் பாதி காசு என்னுடையது.