ஒரு கப்பிக்கும் ஒரு கொப்பிக்கும் நன்றி

எங்கள் பக்கத்து வளவு ரீச்சருக்கும், நாங்கள் ஊர் திரும்புவதற்குத் துணைநின்ற அனைவருக்கும்,

கடந்த வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணம் சோனகத் தெருவின் ஓரத்தில் உள்ள வாப்பாவின் காணியில், சுண்ணாம்பு வாடை இன்னும் போகாத புது வீட்டில் உம்மா அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். 35 ஆண்டுகளுக்குப் பின்னர் எங்கள் குடும்பம் தன் சொந்தக் கூரையின் கீழ் படுத்த முதல் இரவு அது. உறக்கம் வராமல் கிடந்த அந்த இரவிலேயே இம்மடலை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். நாள் தள்ளினால் நெஞ்சு ஆறிப்போய், சடங்குக்கு எழுதியது போலாகிவிடும் என்ற பயத்தில் இப்போதே எழுதி முடிக்கிறேன். பெயரைப் போடக் கூடாது என்பது ரீச்சர் விதித்த நிபந்தனை. அதனால் ஊரே அழைப்பது போல ரீச்சர் என்றே எழுதுகிறேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதியைப் பற்றி விரித்து எழுதப் போவதில்லை. ஒலிபெருக்கி, இரண்டு மணி நேரம், கையில் 150 ரூபாய் என்று சொன்னால் எங்கள் தெருவில் பிறந்த எவருக்கும் மிச்சம் விளங்கும். அந்த மாதம் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் நாங்கள் ஆறு பேர். எனக்கு அப்போது 11 வயது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வேலிப் பொட்டால் எங்கள் முற்றத்துக்கு வந்த ஒரு கேள்வியைப் பற்றியே எழுத வந்தேன்.

உம்மா உடுப்புகளை ஒரு போர்வையில் போட்டு முடிந்துகொண்டிருந்தார். வாப்பா எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் அறைக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்போது நீங்கள் வேலிப் பொட்டில் நின்று, குரல் வெளியே கேட்காதபடி, "கிணத்துக் கப்பியைக் கழட்டி வைக்கட்டோ?" என்று கேட்டீர்கள், ரீச்சர். வாப்பா உங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஓம், ரீச்சர்" என்றார். வேறு ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை. நாங்கள் படலையைச் சாத்திவிட்டு நடந்தோம்.

புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில், அந்தக் கேள்வியை நினைத்து எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன். ஒரு குடும்பம் வீட்டையும் கடையையும் இரண்டு மணி நேரத்தில் இழக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு இரும்புக் கப்பியின் நினைவு எப்படி வந்தது என்று எண்ணினேன். அதை எடுத்துக்கொள்ளத்தான் கேட்டீர்களோ என்றுகூட எண்ணினேன். உங்களைப் பற்றி அப்படி நினைத்ததற்காக, நன்றி சொல்லுமுன் இவ்விடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்தார் அல்லாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத எங்கள் குடாநாட்டில், சுண்ணக்கல்லுக்குள் மழை சேர்த்து வைத்த நீரைக் கிணறுதான் எங்களுக்குத் தருகிறது. அள்ளாமல் விட்ட கிணற்றில் சருகு விழும், பாசி பிடிக்கும், செத்த பூனையும் கிடக்கும். சில மாரிகளுக்குள் அது குப்பைக் குழியாகிவிடும். கப்பியும் கயிறும் போன கிணற்றை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. கூரை போனால் கூரை போடலாம், தூர்ந்த கிணற்றை மீட்பது அவ்வளவு எளிதல்ல என்பது நீங்கள் அறிந்தது. ஒரு வீட்டில் கடைசிவரை காக்கக்கூடியது எதுவென்று அந்த நெருக்கடியிலும் உங்கள் மனம் கணக்கிட்டிருக்கிறது. 11 வயதில் அது எனக்கு எப்படி விளங்கும்?

நீங்கள் அன்று மாலையே கப்பியைக் கழற்றி உங்கள் குசினிப் பரணில் வைத்தீர்கள். எங்கள் வீட்டின் ஓடும் கதவும் யன்னலும் ஒவ்வொன்றாக மறைந்துபோனதை உங்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை, உங்கள் சொந்தக் கப்பியையும் கயிற்றையும் கொண்டுவந்து கட்டி, ஆள் பிடித்து, எங்கள் கிணற்றைக் கலக்கி இறைத்தீர்கள். பொருளாதாரத் தடையால் மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போயிருந்த காலத்தில், இயந்திரம் வைத்து இறைக்க வழியின்றி வாளியாலேயே முழுக் கிணற்றையும் இறைத்திருக்கிறீர்கள். சம்பளம் ஒழுங்காக வராத மாதங்களிலும் இறைத்த ஆளுக்குக் கூலி கொடுத்திருக்கிறீர்கள்.

பிறகு, எங்களை அனுப்பிச் சரியாக ஐந்து ஆண்டுகள் ஆன அதே ஒக்டோபர் 30இல், 1995இல், உங்கள் முறை வந்தது. நகரமும் வலிகாமமும் ஒரே இரவில் காலியாகி, இலட்சக்கணக்கானோர் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடியாக நகர்ந்த அந்த இரவில், தூக்கிச் செல்ல முடியாத எங்கள் கப்பியைச் சாக்கில் சுற்றி உங்கள் கிணற்றுக்குள் போட்டுவிட்டுப் போனீர்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்து, பாதாளக்கரண்டி விட்டுத் துழாவி அதை வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து மீண்டும் பரணில் வைத்தீர்கள். உங்கள் வீட்டில் எதுவுமே மிஞ்சியிருக்கவில்லை என்று பின்னாளில் அயலவர் சொல்லித்தான் அறிந்தேன்.

2002இல் ஏ9 பாதை திறந்த பின்னர், வாப்பா ஒரு நாள் மட்டும் தனியே வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். புத்தளம் திரும்பியவரிடம் வீடு எப்படி இருக்கிறது என்று நாங்கள் சுற்றியிருந்து கேட்டபோது, "சுவர் நிற்குது. கிணத்துத் தண்ணி முந்தி மாதிரியே இருக்குது" என்று மட்டும் சொன்னார். நீங்கள் கொடுக்க வந்த கப்பியை அவர் வாங்கவில்லையாம். குடியிருக்க வரும்போது தாருங்கள் என்றாராம். 2005இல் புத்தளத்திலேயே வாப்பா மவுத்தானார். இறுதி வாரத்தில் அவர் பேசிய சில வார்த்தைகளுள் அந்தத் தண்ணீரும் இருந்தது.

போர் முடிந்து எங்களைப் போன்றோர் திரும்பி வந்தபோது, 2008 ஏப்ரலுக்குப் பின்னர் இடம்பெயர்ந்தோருக்கே உதவிகளில் முதலிடம் என்றும், நாங்கள் "பழைய அகதிகள்" என்றும் சொல்லப்பட்டது. அந்தச் சொல்லோடு எத்தனை அலுவலகப் படிகள் ஏறி இறங்கினோம் என்பதை இங்கே எழுதுவதில் பயனில்லை. காணியின் ஒரு பகுதியும் கிணற்றுக்குப் போகும் வழியும் வேறொருவர் கையில் இருந்தன. பத்து ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுவந்தவருக்கே காணி சொந்தமாகலாம் என்ற பழைய சட்டத்திலிருந்து, போரால் விரட்டப்பட்டவர்களுக்கு 2016இல் விலக்களிக்கப்பட்டது ஒரு பிடிமானமாக இருந்தது. எனினும் எங்கள் வழக்கைத் தீர்த்தது அந்தச் சட்டம் அல்ல. மத்தியஸ்த சபையின் முன்னால், இந்த வளவை இத்தனை காலமும் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று மறுதரப்பு சொன்னபோது, நீங்கள் கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

அப்படி ஒரு கொப்பி இருப்பது எங்களுக்கே தெரியாது. பிள்ளைகளின் வரவைக் குறிப்பது போல, ஒவ்வொரு முறை கிணறு இறைத்த திகதியும், இறைத்தவருக்குக் கொடுத்த கூலியும், தண்ணீரின் நிலையும் உங்கள் உருண்டைக் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. மேலட்டையில் உங்கள் பெயர் இல்லை. வாப்பாவின் பெயரும், "அவர்களின் கிணறு" என்ற இரண்டு சொற்களும் இருந்தன. 1995 ஒக்டோபரிலிருந்து அடுத்த ஆண்டு நடுப்பகுதிவரை ஒரே ஒரு பதிவு: "ஊரில் இல்லை." கப்பியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போன நீங்கள், அந்தக் கொப்பியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு பாலம் கடந்திருக்கிறீர்கள். சபையில் இருந்த மூன்று பேரும் அதை நெடுநேரம் புரட்டினார்கள். மறுதரப்பில் இருந்தவரும் வாங்கிப் பார்த்தார். அடுத்த அமர்வில் அவராகவே வழியை விட்டுக்கொடுத்தார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் நினைவுகூர்வதைப் பொறுத்தருள வேண்டும். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் திறந்துவிட்டு, தம் கிணற்றையும் வகுப்பறையையும் எங்களோடு பகிர்ந்துகொண்ட புத்தளம், கற்பிட்டி மக்கள். வழியில் பசித்து வந்த எங்களுக்குச் சோற்றுப் பொதி தந்த, பெயர் தெரியாத வவுனியாத் தமிழ்க் குடும்பம். எங்கள் வெளியேற்றம் பற்றி வீடு வீடாக வந்து வாக்குமூலம் கேட்டு, 2011இல் அறிக்கை வெளியிட்ட பிரசைகள் ஆணைக்குழுவினர். கூலி வாங்காமல் காணி உறுதியின் பிரதியைத் தேடித் தந்த சட்டத்தரணி. சுவர் எழுப்பிய மேசன்மார், அவர்களுள் தன் சொந்தக் காணி இன்னும் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடக்க எங்கள் வீட்டைக் கட்டித்தந்த வலிகாமம் வடக்கு அண்ணர். உங்கள் எல்லாருக்கும் எங்கள் துஆக்களில் என்றும் இடமுண்டு.

ரீச்சர், இனி எழுதப்போவதை எழுதாவிட்டால் இம்மடல் முழு உண்மையாகாது. பால் காய்ச்சிய அன்று நீங்கள் உம்மாவின் கையைப் பிடித்து, "அண்டைக்கு நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை" என்று சொன்னீர்கள். உம்மா உங்கள் கையைத் தடவிக்கொண்டே இருந்தார், பதில் சொல்லவில்லை. துவக்கு எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய அந்நாளில் நீங்கள் தனியாக என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். ஆயினும் ஒலிபெருக்கியைவிட அந்தத் தெருவின் மௌனமே எங்களை நெடுங்காலம் வருத்தியது. அது ஆறிவிட்டது என்று எழுதினால் உங்களிடம் பொய் சொன்னவள் ஆவேன். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில், அந்த வெளியேற்றம் ஒரு பிழை என்று புலிகளின் தரப்பிலிருந்தே பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. அதைத் தொலைக்காட்சியில் கேட்டபோது வராத அழுகை, நீங்கள் சொன்ன அந்த ஒரு வரிக்கு எனக்கு வந்தது.

என் பக்கத்துக் கணக்கும் சுத்தமானதல்ல. 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதை எங்களவர் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறோம். அதே மாதம் வீரமுனையில் கோவிலில் தஞ்சம் புகுந்த தமிழர்கள் கொல்லப்பட்டதை அதே குரலில் நாங்கள் சொல்வதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், அதில் எந்தத் தொடர்பும் இல்லாத பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிக் குடும்பங்கள் நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுள் பலர் அஹ்மதியா பிரிவினர். கையில் ஒரு பையோடு நின்ற அந்தச் சிறுமிகளைச் செய்திப் படத்தில் பார்த்தபோது எனக்கு என் 11 வயது தெரிந்தது. ஆனால் அந்த வாரம் எங்கள் தலைக்கு மேலும் பயம் தொங்கியது, நானும் வாய் திறக்கவில்லை. உங்கள் மௌனத்தின் எடையை அன்றுதான் என் நாவில் உணர்ந்தேன்.

எங்களுக்கு நடந்ததை என்ன பெயரால் அழைப்பது என்று 1990இல் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, பொஸ்னியாப் போரின்போதுதான் இனச்சுத்திகரிப்பு என்ற சொல் உலகெங்கும் பரவியது. பிரியேடோர் நகரில் சேர்பியர் அல்லாதோர் தம் வீடுகளில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும் என்று வானொலி கட்டளையிட்டதைப் படித்தபோது, அந்த வானொலியின் குரல் எனக்குப் பழக்கமானதாகவே கேட்டது. அந்தப் போரை முடித்த 1995ஆம் ஆண்டு டேய்ட்டன் உடன்படிக்கையில், விரட்டப்பட்டவர்கள் தம் சொந்த வீட்டுக்கே திரும்பும் உரிமைக்கென்று தனியாக ஓர் இணைப்பே உண்டு. அத்தகைய உரிமை எழுத்தில் இருப்பது பெரிய காரியம், எங்களுக்கும் அது தெளிவாகக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வருகிறவர் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும் என்று எந்த உடன்படிக்கையிலும் எழுதியிருக்காது. அதை யோசித்து 35 ஆண்டுகள் செய்தவர் எங்கள் பக்கத்து வளவில் இருந்தார்.

கப்பி இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. நீங்களே வந்து நின்று, என் தம்பியைக் கொண்டு பூட்டுவித்தீர்கள். முதல் வாளியை நீங்கள்தான் அள்ள வேண்டும் என்று உம்மா சொன்னதற்கு, முழங்கால் வலியைச் சாட்டாகச் சொல்லி அவரையே அள்ள வைத்தீர்கள்.

இனி எங்கள் உறுதிமொழி. இந்தக் கிணறு எங்கள் இரு வீட்டுக்கும் பொது. நான் இதை வாய்ச்சொல்லாக விடப்போவதில்லை. நம் ஊர் வழக்கப்படி, கிணற்றில் அரைப் பங்கும் அதற்கான வழிவாய்க்காலும் உங்களுக்கும் உங்கள் சந்ததிக்கும் உரியவை என்று நொத்தாரிசைக் கொண்டு உறுதி எழுதுவித்துவிட்டோம். உம்மாவும் நாங்கள் நால்வரும் ஒப்பமிட்டாயிற்று. நீங்கள் ஒப்பமிட வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. இரண்டு முறை கொண்டு வந்தும், "எனக்கு எதுக்குப் பிள்ளை" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். நொத்தாரிசு வரும் புதன்கிழமை மீண்டும் வருவார். கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரீச்சர். இந்த ஒரு தரம் எங்களுக்காக ஒப்பமிட்டுத் தாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வேலிக்கு இப்பாலுள்ள பிள்ளை