டீசல் காரில் பெட்ரோல்: ஓரம் கட்டுவதற்குக்கூடச் செல்ஃப் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் காருக்குப் பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள் என்று பங்க்குகளில் நடக்கும் தகராறெல்லாம் யார் தப்பு என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. "டீசல்னு சொன்னேனே", "நீங்க ஒண்ணுமே சொல்லலையே" என்று இரண்டு பக்கமும் குரல் உயரும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். யாராவது ஒருவர், "கொஞ்சம் ஓரமா எடுத்துப் போடுங்க சார், பேசிக்கலாம்" என்பார். ஓட்டி வந்தவரும் செல்ஃப் அடித்து வண்டியை ஓரம் கட்டுவார். செலவு பெருகுவது அந்த இடத்தில்தான். அதுவரை டேங்க்கை வடித்து, ஃபில்டரை மாற்றிச் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும் வேலை, அதன்பிறகு லட்சத்தைத் தாண்டலாம். டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கிறவர்கள் என்ற முறையில், இது ஏன் இப்படி, அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இப்போதைய டீசல் கார்கள் எல்லாம் காமன் ரெயில் வகை, அதாவது 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் டீசல் போகும். இவற்றில் உள்ள உயர் அழுத்தப் பம்ப், 1,600 முதல் 2,000 பார் வரை, சில வண்டிகளில் அதற்கும் மேலே, டீசலை அழுத்தி அனுப்புகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான். இத்தனை அழுத்தத்தில் ஓடும் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசலேதான் அதற்கு மசகு. உரசும் பாகங்களுக்கு இடையே இருக்கும் சந்து ஒரு சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. டீசலுக்கு மசகுத்தன்மை இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் அளவே உண்டு; டீசலுக்குள் உலோகக் குண்டை உரசவிடும் சோதனையில் அதன்மேல் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. பெட்ரோலுக்கு அப்படி ஒரு நிபந்தனையே இல்லை, ஏனென்றால் அது மசகு வேலைக்கு வந்த திரவம் அல்ல. டீசலில் பெட்ரோல் கலந்ததும் அந்த எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகத்தின்மேல் உலோகம் உரசித் தூள் உதிர்கிறது.

ஃபில்டர் இருக்கிறதே, அது பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். ஃபில்டர் பம்ப்புக்கு முன்னால் இருக்கிறது. தூள் பிறப்பதோ பம்ப்புக்குள். அது நேராக ரெயிலுக்குப் போகும், இன்ஜெக்டருக்குப் போகும், அங்கே மிஞ்சியது ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்கே திரும்பி வரும். இன்ஜெக்டரின் முனைத் துளை 0.1 மில்லிமீட்டர் சுமார். பம்ப்பை மட்டும் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுத்தால் சில நாளில் இன்ஜெக்டர் போய்த் திரும்பி வருவதற்கு இதுதான் காரணம்.

"அந்தக் காலத்தில் ஜீப்பில் பிக்கப்புக்காக ரெண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றுவோம், ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. பழைய இன்லைன் பம்ப்புகளின் கேம் ஷாஃப்ட் பகுதி தனி ஆயிலில் ஓடியது, அழுத்தமும் பல மடங்கு குறைவு. அந்த அனுபவத்தை இன்றைய காருக்குப் பொருத்துவதுதான் ஆபத்து. இன்னொரு நம்பிக்கை, பெட்ரோல் லேசானது, மேலே மிதக்கும், அடியில் உள்ள டீசலில் வீடு போய்ச் சேரலாம் என்பது. பெட்ரோலும் டீசலும் தண்ணீரும் எண்ணெயும் போலப் பிரிந்து நிற்பதில்லை, ஒன்றோடொன்று முழுதாகக் கலந்துவிடும்.

தவறு நடந்ததைக் கண்டுபிடிக்க எளிய வழி பங்க்கின் டிஸ்பிளேயிலேயே இருக்கிறது. ஜீரோ பார்க்கிறோம், தொகை பார்க்கிறோம். மூன்றாவது வரியில் இருக்கும் லிட்டர் விலையை யாரும் பார்ப்பதில்லை. டீசலுக்கு நிற்கும்போது அதில் பெட்ரோல் விலை தெரிந்தால் அப்போதே கையைக் காட்டி நிறுத்திவிடலாம். பில்லிலும் எரிபொருளின் பெயர் இருக்கும். கவனிக்காமல் கிளம்பிவிட்டால் வண்டி உடனே நிற்காது. ஃபில்டரிலும் லைனிலும் பழைய டீசல் இருப்பதால் சில நூறு மீட்டரோ, அதற்குக் கொஞ்சம் மேலேயோ நன்றாகவே ஓடும். பிறகு கடகடவென்று தட்டல் சத்தம், இழுவை இல்லாமல் தவிப்பு, இன்ஜின் விளக்கு, கடைசியில் நின்றுவிடும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தச் சூட்டில் எரிபொருள் தானே பற்ற வேண்டும். பெட்ரோல் அப்படிச் சுலபத்தில் பற்றாத பொருள். தாமதமாகப் பற்றி ஒரே அடியாக வெடிப்பதுதான் அந்தச் சத்தம். அது கேட்டால் பக்கத்து மெக்கானிக் கடைவரை போய்விடலாம் என்று பார்க்காமல், இடது பக்கம் ஒதுக்கி உடனே ஆஃப் செய்ய வேண்டும். நின்ற வண்டியை மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பது, ஓட்டுவதைப் போலவே கெடுதல். பம்ப் அப்போதும் சுற்றுகிறது.

பங்க்கிலேயே தெரிந்துவிட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது. பல கார்களில் சாவி ஆன் ஆனதும் டேங்க்குக்குள் இருக்கும் மோட்டார் ஓடி, கலவையை லைனில் ஏற்றிவிடும். ஸ்டியரிங் பூட்டு திறக்க வேண்டுமானால் முதல் நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பட்டனைத் தொடாமல் இருப்பது நல்லது. கியரை நியூட்ரலில் போட்டு நான்கு பேராகத் தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பெரும்பாலும் கியர் லீவர் பக்கத்தில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே அழுத்தினால் லீவர் நகரும். லீவரே எலக்ட்ரானிக் என்றால் அந்த இடத்திலேயே கூம்பு வைத்து மறித்துவிட்டு வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரி வரும்வரை காத்திருப்பதுதான் வழி. ஒரு பாயின்ட் மூடிக் கிடந்தால் பங்க்குக்கு அரை மணி வியாபாரம் போகும். இன்ஜெக்டர் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

வடிப்பதில் அவசரம் வேண்டாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். டீசலின் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை, குறைந்தது 35 டிகிரி செல்சியஸ். பெட்ரோலுக்கோ அது பூஜ்ஜியத்துக்கு 40 டிகிரி அளவுக்குக் கீழே. ஆகவே டீசல் டேங்க்தானே என்ற நினைப்பில் வேலை செய்யக் கூடாது. கலவையின் ஆவி பெட்ரோல் ஆவிதான். வாயால் உறிஞ்சுவது, சாதாரண மோட்டாரை வைத்து இழுப்பது, குழிக்குள் வண்டியை நிறுத்தி வடிப்பது மூன்றும் கூடாது. ஆவி கனமானது, குழியில்தான் தேங்கும். கேனைத் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். டேங்க்கின் வாயில் இப்போது ரப்பர் குழாய் போகாதபடி தடுப்பு இருப்பதால், பின் சீட்டைத் தூக்கி, அடியில் உள்ள மூடியைத் திறந்து, ஃப்யூவல் பம்ப் அசெம்ப்ளியைக் கழற்றி எடுப்பதுதான் சுத்தமான முறை. அந்த மூடி இல்லாத வண்டிகளில் டேங்க்கையே இறக்க நேரும். காலியானதும் இரண்டு மூன்று லிட்டர் நல்ல டீசல் ஊற்றி அலசி, அதையும் வெளியேற்ற வேண்டும்.

பிறகு புது டீசல் ஃபில்டர். டேங்க்கில் பத்து லிட்டராவது டீசல் ஊற்றி ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்கலாம். இல்லையென்றால் சாவியை முப்பது விநாடி ஆனில் வைத்து, அணைத்து, மறுபடி வைத்து என நாலைந்து முறை. அதன்பிறகே செல்ஃப், அதுவும் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போகாமல். ஒரு லிட்டர்தான் ஊற்றினார்கள், மேலே டீசல் நிரப்பிச் சமாளிக்கலாமா என்று கேட்டாலும் எங்கள் பதில் வடியுங்கள் என்பதுதான்.

இன்ஜின் ஓடிவிட்ட வண்டி என்றால் ஏர் எடுப்பதற்கு முன் ஒரு பரிசோதனை இருக்கிறது. உயர் அழுத்தப் பம்ப்பின் மேல் இருக்கும், டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றி, அந்தக் குழியில் தேங்கியிருப்பதை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து வெயிலில் பார்க்க வேண்டும். மினுமினுப்பு இருந்தால் பம்ப் தேய்ந்துவிட்டது. காந்தத்தில் ஒட்டவில்லை, அதனால் உலோகத் தூள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சில பம்ப்புகளின் உடம்பு அலுமினியம், அந்தத் தூள் ஒட்டாது. மினுமினுப்பு தெரிந்த வண்டியில் பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள், இரும்பு லைன்கள் எல்லாவற்றையும் மாற்றியோ கழற்றிப் பரிசோதித்தோதான் ஆக வேண்டும், டேங்க்கைக் கழுவித்தான் ஆக வேண்டும். துணி சுத்தமாக இருந்தால் மேலே சொன்ன வேலையோடு நிறுத்தலாம். ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்கு ஏறுகிறதா, ரிட்டர்ன் அளவு நான்கு இன்ஜெக்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். இந்தத் துணிச் சோதனையைச் செய்யாமலேயே "முழு செட்டும் மாத்தணும்" என்று எஸ்டிமேட் நீட்டினால், வால்வைக் கழற்றிக் காட்டச் சொல்லும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு.

தலைகீழாக, பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் பாதிப்பு குறைவு. பிளக் கரி பிடிக்கும், புகை கக்கும், ஸ்டார்ட் ஆகாது. வடித்து, பிளக்கைச் சுத்தம் செய்து, வெகுநேரம் ஓட்டியிருந்தால் இன்ஜின் ஆயிலையும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எரியாத டீசல், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்திருக்கும். இருசக்கர வண்டியில் டேங்க்கையும், கார்புரேட்டர் வண்டியானால் அதன் அடிக் கிண்ணத்தையும் வடித்தால் முடிந்தது. லாரி, பஸ்காரர்கள் பயப்பட வேண்டியது, புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியா கரைசலுக்கு. பி.எஸ். 6 வண்டிகளில் நீல மூடி போட்ட தனி டேங்க்கில் ஊற்றும் அந்த 32.5 சதவீதக் கரைசல் டீசல் டேங்க்கில் விழுந்தால் உப்பாகப் படிந்து, இரும்பை அரித்து, பம்ப்பைத் தீர்த்துவிடும். யூரியா டேங்க்கில் டீசல் விழுந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். இரண்டிலும் விதி ஒன்றே: சாவியைத் தொடாதே.

இனி பங்க் பக்கம். பெட்ரோல் நாசிலின் முனை சுமார் 21 மில்லிமீட்டர், டீசலுடையது 25 அளவில். அதனால் பெட்ரோல் வண்டியின் குறுகிய வாயில் டீசல் நாசில் பெரும்பாலும் முட்டி நிற்கும். ஆனால் டீசல் வண்டியில் பெட்ரோல் நாசில் தாராளமாக நுழையும். ஆபத்து அதிகமான பக்கத்தில்தான் தடுப்பு இல்லை. போதாததற்கு ஒரே இயந்திரத்தில் இரண்டு குழாயும் தொங்குகின்றன, ஒரே ஊழியர் இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கிறார். வண்டியின் பெயரை வைத்து முடிவு செய்வதும் இப்போது பலிக்காது. இன்னோவா என்றாலே டீசல் என்று பழகிய கைக்கு, ஹைகிராஸ் பெட்ரோலில் மட்டுமே வருவது தெரியாது. ஸ்விஃப்ட் டீசல் 2020-இல் நின்றுபோனாலும் பழைய டீசல் ஸ்விஃப்ட்டுகள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நெக்ஸான், கிரெட்டா, தார் இரண்டிலும் வருகின்றன.

இதற்கு ஒரு அடையாளம் ஏற்கெனவே வண்டியில் ஒட்டப்பட்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வண்டிகளின் முன் கண்ணாடியில், உள்பக்கம் இடது மேல் மூலையில் ஒரு ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். பெட்ரோலுக்கும் சி.என்.ஜி.க்கும் இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. போலீஸ் பார்ப்பதற்கென்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும் இந்த ஸ்டிக்கரைப் பங்க் ஊழியர்கள் பார்க்கப் பழக்குவதற்கு எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. "ஜீரோ பாருங்க சார்" என்று ஏற்கெனவே சொல்கிறார்கள். அதை "டீசல், ஜீரோ பாருங்க சார்" என்று மாற்றச் சொல்லலாம். தவறு நடந்தால் இன்ஜினை ஓட்டச் சொல்லாமல் தள்ளிவிட வேண்டும் என்பதையும் பயிற்சியில் எழுத்தில் சேர்க்க வேண்டும். பழைய வண்டிக்காரர்கள் மூடியின் உள்பக்கம் பெரிய எழுத்தில் 'டீசல்' என்று ஒட்டிக்கொள்ளலாம்.

நஷ்ட ஈடு கேட்பவர்கள் சண்டையை விட்டுவிட்டுக் காகிதத்தைச் சேர்க்க வேண்டும். பில், பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதிய பதிவின் போட்டோ, கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லும் ஒரு கடிதம், டேங்க்கிலிருந்து எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்டு மூடிய ஒரு லிட்டர் மாதிரி. பெரும்பாலான பங்க் உரிமையாளர்கள் இவ்வளவு இருந்தால் வண்டியைத் தூக்கிச் செல்லும் செலவையும் வடிப்புச் செலவையும் ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. இங்கே கொடுத்தது எரிபொருளின் விலைதான். ஆனால் தவறு தெரிந்த பிறகும் நீங்களே வண்டியை ஓட்டிப் போயிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

காப்பீட்டை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான மோட்டார் பாலிசி, விபத்தல்லாத இயந்திரப் பழுதையும் தொடர் விளைவாக வரும் இழப்பையும் விலக்கி வைக்கிறது. இன்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் பிரீமியம் கட்டுகிறவர்கள், அதில் தவறான எரிபொருள் சேர்க்கப்பட்டிருக்கிறதா, விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை அடுத்த புதுப்பிப்பின்போது முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
டீசல் பம்ப், இன்ஜெக்டர் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
கோயம்புத்தூர்.