மே மாதம் வேண்டாம், அண்ணா

அருஷா, தான்சானியா
நவம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நான் இங்கே நலம். அம்மாவும் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வரும் மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு இங்கே வந்து காட்டு விலங்குகளைப் பார்த்துப் போக எண்ணியிருப்பதாகவும், டிக்கெட் எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போனில் ஒரே சொல்லாக ‘வேண்டாம்’ என்றால் நான் தட்டிக்கழிப்பதாக மதினி நினைக்கக்கூடும் என்பதால், காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் மே என்றால் தார் உருகும் வெயில். இங்கே அது மழைக்காலத்தின் வால். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 3 பாகையில், மேரு மலையின் அடிவாரத்தில், ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போகும்போது மழையும் அதன் பின்னாலேயே இரண்டு முறை வந்துபோகிறது. மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக்கு ‘மசிகா’ என்றும், நம் ஐப்பசி கார்த்திகையோடு ஒட்டி வரும் சிறுமழைக்கு ‘வூலி’ என்றும் பெயர். இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே வூலிதான் தூறிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஜக்கரண்டா மரங்கள் ஊதாப் பூவை உதிர்த்திருக்க, அதன்மேல் பஜாஜிகள் சறுக்கிக்கொண்டு போகின்றன. பஜாஜி என்றால் வேறொன்றுமில்லை, நம் ஆட்டோதான். கம்பெனிப் பெயரே இங்கே வண்டியின் பெயராகிவிட்டது. சிறுமழை என்ற பெயரையும் முழுக்க நம்ப முடியாது. 2019இலும் 2023இலும் அது பாலங்களை அடித்துக்கொண்டு போகுமளவுக்குக் கொட்டித் தீர்த்தது.

மசிகாவில் போனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். எங்கள் காபி ஆலையில் ஜூலை முதல் டிசம்பர் வரை வரவு மூட்டைகளின் கணக்கைவிட்டுத் தலைதூக்க முடியாது என்பதால், வந்த முதல் ஆண்டில் எனக்கு ஏப்ரலில்தான் விடுப்புக் கிடைத்தது. வாடகையும் அப்போது மலிவாக இருந்தது. அது ஏன் மலிவு என்று யோசிக்காமல் தராங்கிரே பூங்காவுக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே சதுப்பை ஒட்டிய நிலம் அசல் கரிசல். மழை பெய்த கரிசலில் வண்டியை இறக்கக்கூடாது என்று கோவில்பட்டிக்காரனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஆனாலும் மறந்துவிட்டேன். சக்கரம் அச்சுவரை புதைந்து மூன்று மணி நேரம் நின்றோம். புல் ஆள் உயரம் இருந்தது. அதற்கு மேலே ஒரு யானையின் முதுகு மட்டும் தெரிந்தது, அதுவும் தொலைவில். மழைக்காலத்தில் எல்லாப் பள்ளத்திலும் தண்ணீர் கிடப்பதால் எந்த விலங்கும் ஆற்றைத் தேடி வரவேண்டியதில்லை. பூங்காவின் எல்லையையும் கடந்து சிதறிப்போய்விடுகின்றன. பல விடுதிகள் ஏப்ரல் மே மாதங்களில் கதவையே பூட்டிவிடுகின்றன.

நியாயமாகச் சொல்வதானால், அதே பயணத்தின் இரண்டாம் நாள் கோரோங்கோரோவில் மனம் ஆறியது. பழைய எரிமலை ஒன்று உள்ளே சரிந்து உண்டான, ஏறத்தாழ 600 மீட்டர் ஆழமும் 260 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்ட கிண்ணம் அது. தண்ணீரும் புல்லும் உள்ளேயே இருப்பதால் சிங்கம், எருமை, கருப்புக் காண்டாமிருகம் எல்லாம் ஆண்டு முழுவதும் அங்கேயே கிடக்கின்றன. ஆகவே மே மாதத்தை விட்டால் வழியே இல்லை என்றால், கடைசி வாரத்தில் மழை ஓயும் சமயமாக வந்து, அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துத் திரும்புங்கள். ஆனால் வாழ்நாளில் ஒருமுறை இத்தனை செலவு செய்து வருகிறவர்களுக்கு அந்த யோசனையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே உள்ளவர்களிடம் எது நல்ல காலம் என்று கேட்டால், எதைப் பார்க்க என்று திருப்பிக் கேட்பார்கள். வைல்டுபீஸ்ட் என்ற, மாடு போன்ற உருவமுள்ள பெரிய மான்கள் லட்சக்கணக்கில், இங்கே ‘நியும்பு’ என்பார்கள், வரிக்குதிரைகளோடு சேர்ந்து மழையைத் துரத்திக்கொண்டு செரெங்கெட்டிப் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அவை தெற்கே, நடுட்டுப் பக்கத்துக் குட்டைப்புல் வெளியில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் முளைக்கும் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் மிகுதி என்பதால், கன்று ஈன்று பாலூட்டும் தாய்களுக்கு அதுவே பேறுகால வீடு. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் பிறந்தால் கழுதைப்புலியும் சிங்கமும் எத்தனையைத்தான் தின்றுவிட முடியும்? சென்ற பிப்ரவரியில் ஆலை நண்பர்களோடு போனபோது, ஒரு கன்று தரையில் விழுந்து, நாங்கள் ஆளுக்கொரு வாய் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுந்து தாயின் பின்னால் ஓடியதைப் பார்த்தேன். என்னைக் கேட்டால் இந்த நாட்டில் பார்க்கவேண்டியது அதுதான். ஆனால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வை விட்டுவிட்டு நீங்கள் பிப்ரவரியில் வரமுடியாது. பணி ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரையாண்டு விடுமுறையிலும் சிக்கல் உண்டு. வூலி அதற்குள் நின்றிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. கிறிஸ்துமஸ் கூட்டத்தால் விடுதி வாடகையும் ஏறிவிடும். எனவே என் முடிவு காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் மழை நின்று நான்கு மாதமாகியிருக்கும், புல் காய்ந்து படுத்திருக்கும், தராங்கிரேயில் அந்த ஒரே ஆறுதான் தண்ணீர். அம்மா ஆசைப்பட்ட யானைகள் குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக அங்கே இறங்கி, ஆற்றுமணலைக் காலால் தோண்டி ஊற்று நீர் குடிப்பதை, ஆனைப்புளி மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு அவர்கள் பார்க்கலாம். அருஷாவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை; அம்மாவின் மூட்டுவலிக்கு அதுவே போதும்.

நியும்புகள் மாரா ஆற்றைத் தாண்டுவதை டிவியில் பார்த்துவிட்டு, அதையும் பார்க்கவேண்டும் என்று பெரியவன் கேட்டானாம். அவை அப்போது வடக்கு எல்லையில்தான் இருக்கும். ஆனால் சாலை வழியே போய்ச்சேர இரண்டு நாளாகும். முதலை காத்திருக்கும் துறையில் எந்த நேரத்தில் இறங்குவது என்பதை மந்தைதான் முடிவு செய்யும். எங்கள் ஆலை மேலாளர் இரண்டு நாள் கரையில் காத்திருந்தார். மந்தை தண்ணீர்வரை வந்து, முகர்ந்துபார்த்து, திரும்பிப் போய்விட்டது. அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது என் கருத்து. நடு செரெங்கெட்டியில் சிங்கமும் சிறுத்தையும் அந்தப் பருவத்தில் தாராளமாகக் கண்ணில் படும்.

செப்டம்பரில் எனக்கு வேலை நெருக்கடி என்றாலும் நான்கு நாள் விடுப்புக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். நீங்கள் பொங்கலுக்குள் உறுதி சொன்னால் வண்டிக்கும் விடுதிக்கும் முன்பணம் கட்டிவிடுவேன். ஓட்டுநர் ‘சா மோஜா’வுக்கு, அதாவது ஒன்றாம் மணிக்கு வருகிறேன் என்றால் மதியம் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள், காலை ஏழு மணி என்று பொருள், நம் நாழிகைக் கணக்கைப்போல இவர்களும் விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். கோரோங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர் உயரம் என்பதால் விடியலில் நல்ல குளிர் இருக்கும். எல்லோருக்கும் ஸ்வெட்டர் வேண்டும். கருநீலச் சட்டை யாருக்கும் வேண்டாம், செட்சி ஈ அந்த நிறத்தைத் தேடி வந்து கடிக்கும்.

மதினியிடம் கடலைமிட்டாய் கொடுத்தனுப்பச் சொல்ல நினைத்தேன். அவர்களே வருவதால் கையோடு கொண்டுவரட்டும். பிளாஸ்டிக் பையில் மட்டும் வேண்டாம், 2019 முதல் இந்த நாட்டில் அதற்குத் தடை, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மஞ்சப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். பூங்காவில் சாப்பிட உட்காரும் இடங்களில் அந்தப் பையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தராங்கிரேக் குரங்குகள் நம் ஊர் மலைக்கோயில் குரங்குகளுக்கு அண்ணன்மார்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி