தாயி, கோட்ட கொஞ்சம் எறக்கி வையி

தாயிக்கு அப்பா எழுதுறது. போன்ல சொன்னா பாதியிலயே "சரிப்பா சரிப்பா"ன்னு வச்சிருவ, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், மெஸ்ல சாப்பிடும்போது படி.

பேங்க் பரீட்சை மாக் டெஸ்ட்ல போட்டது பூராம் ரைட்டு, ஆனா பாதி பேப்பர தொடவே இல்லன்னு அழுத. அதுக்கு நீ மக்குன்னு அர்த்தம் இல்லத்தா, முடிவெடுக்குற கோட்ட ரொம்ப ஒசரத்துல போட்டு வச்சிருக்க.

என்ன கோடுன்னு கேளு, ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியாருக்கு பாடம் எடுக்க ஆள் சிக்கினா விடுவேனா. குரங்க வச்சு ஒரு சோதனை, ஸ்கிரீன்ல புள்ளிங்க அங்கிட்டும் இங்கிட்டும் செதறி ஓடும், அதுல கொஞ்சம் மட்டும் ஒரே பக்கமா போகும், எந்தப் பக்கம்னு குரங்கு கண்ண திருப்பி காட்டணும். ராய்ட்மேன், ஷாட்லன்னு ரெண்டு மூளை ஆராய்ச்சிக்காரங்க 2002ல எழுதினாங்க, அந்த நேரத்துல மூளைல சில செல்லோட துடிப்பு ஏறிக்கிட்டே போகுதாம், புள்ளி தெளிவா ஓடினா வெரசா ஏறுது, கலங்கலா இருந்தா மெல்ல ஏறுது, ஆனா முடிவெடுக்கிற நேரம் ரெண்டுமே கிட்டத்தட்ட ஒரே ஒசரத்துக்கு வந்து நிக்குது. அதுதான் கோடு. ராட்கிளிஃப்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சிக்காரரு 1978லயே இதுக்கு கணக்கு போட்டு வச்சிட்டாரு. கோட்ட எறக்குனா வேகம், ஆனா தப்பு கூடும். ஏத்துனா தப்பு கொறையும், நேரம் போயிரும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல உங்க சின்ன மாமாவ பாத்திருக்கேல்ல? முகூர்த்த நாள்ல மல்லி மூட்டைக்குள்ள அடிவரைக்கும் கைய விடுவாரு, ஈரமா இருக்கா, மேல மொட்டு வச்சு அடியில நேத்து பூவ அமுக்கிருக்கானான்னு வெரல்லயே பாப்பாரு, அடுத்த நிமிஷம் வெல பேசி முடிஞ்சிரும், நின்னா வெல ஏறிரும்ல. பூ மலிஞ்சு கெடக்குற நாள்ல அதே மனுசன் மூட்டைய தார்ப்பாய்ல கொட்டி கெளறி பாத்துட்டு வேணாம்னு போயிருவாரு. தாமதிச்சா என்ன நட்டம்னு பாத்து கோட்ட மாத்திக்கிறாரு.

உன் பிரிலிம்ஸ்ல ரீசனிங் 35 கேள்வி, 20 நிமிஷம். கேள்விக்கு 34 செகண்டுதான். நீ ரெண்டு ஆப்ஷனுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிற. அந்த மாதிரி நேரத்துல பிரேக் போடவே மூளைக்குள்ள ஆழத்துல ஒரு சின்ன எடம் இருக்கு, சப்தலாமிக் நியூக்ளியஸ்னு பேரு. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அங்க கம்பி வச்சு கரண்ட் குடுத்தப்போ, கஷ்டமான சாய்ஸ்ல நிதானிக்காம டக்குனு தொட்டுட்டாங்கன்னு ஃபிராங்க்னு ஒருத்தர் 2007ல காட்டினாரு. உனக்கு பிரேக்கு ஜோரா வேல செய்யுது, சந்தோஷந்தான், எடுக்கத்தான் தெரியல. இன்னொண்ணு, ஒரு தப்பு போட்டுட்டா அடுத்த கேள்விக்கு தானா ஸ்லோவாகுறது பொதுவா எல்லாருக்கும் உள்ளது, 1966லயே ராபிட்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு எழுதிட்டாரு, அதுக்குப்போயி பயந்துக்கிட்டு இருக்காத.

நெகட்டிவ் மார்க்கு நெகட்டிவ் மார்க்குன்னு பொலம்புறியே, கணக்கு பாத்தியா? அஞ்சு ஆப்ஷன், தப்புக்கு கால் பங்கு கட். கண்ண மூடிக்கிட்டு போட்டாலும் சராசரி சைபருதான், லாபமும் இல்ல நட்டமும் இல்ல. ஒரே ஒரு ஆப்ஷன் நிச்சயமா தப்புன்னு தெரிஞ்சாலே மிச்சத்துல ஒண்ண அடிக்கிறது லாபம், ரெண்டு போச்சுன்னா யோசிக்காம அடி. ஒண்ணுமே பிடிபடலயா, 20 செகண்டுல விட்டுட்டு தாண்டு, கலங்கலான கேள்விய எம்புட்டு நேரம் உத்துப் பாத்தாலும் அது மெல்லத்தான் ஏறும், அந்த நேரத்துல பக்கத்துல இருக்குற ரெண்டு சுளுவான கேள்விய முடிச்சிரலாம். மெயின்ஸ் முடிச்சு பேங்க்ல சேந்தப்புறம் லோன் பைல் பாக்குறப்ப எம்புட்டு ஒசரத்துலனாலும் கோட்ட போட்டுக்கோ, எவன் கேக்கப்போறான்.

ஞாயித்துக்கெழம மாக் முடிஞ்சதும் மார்க்கு சொல்ல வேணாம், எத்தன கேள்விய தாண்டுனேன்னு சொல்லு. ஜிபேல காசு போட்ருக்கேன், மெஸ் பாக்கிய கட்டிரு.

அப்பா